ஒரே ஒரு மருந்துக் குப்பி

அன்புள்ள அனோஜாவுக்கு,

இதுவரை வாய்மூடி இருந்தது போதும்.

ஞாயிறுதோறும் லிந்துலையில் நாம் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் நீ வைத்தியக்காரி, நான் காவல்காரன், நிரோஷன் வேட்டைக்காரன். போன வாரக் கதையில் சிறுத்தை என்னையும் நிரோஷனையும் கிழித்துப்போட்டது. உன்னிடம் இருந்தது ஒரே ஒரு மருந்துக் குப்பி.

"நிரோஷனுக்கே குடு" என்று நான்தான் சொன்னேன். நீ மறுப்பாய் என்று நினைத்தேன்.

நீயோ அவனைப் பார்த்து, "எந்திரிங்க, ஒங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் செத்துப்போனேன். "வெளாட்டுத்தானே சேர், மூஞ்சிய தூக்காதீங்க" என்று அவன் சிரித்தான்.

கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் என்னிடம் ஒருநாளாவது அந்தக் குரலில் பேசியிருக்கிறாயா?

நேரில் கேட்டால் இதையும் விளையாட்டு என்பாய். அதனால் நம் வீட்டு விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். உறையின் மேல் அனுப்புபவர் பெயர் எழுதப் போவதில்லை. என் கையெழுத்தாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பார்க்கிறேன்.