மாடியில் ஏறிய எடைக்கற்கள்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பன் எழுதுவது. இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் மூன்று வருஷத்துக்கு முன்பே சொன்னேன், கேட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள். உடம்புக்கு இங்கே எல்லோருக்கும் சுகம், உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன், கொதிப்பது என் மனசு மட்டும்தான்.

நம் ஆபீஸை இடம் மாற்ற வேண்டுமாம். சொல்கிறவர் யார், உன் அத்தை வீட்டுக்காரர். ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியைப் பார்த்துவிட்டு வந்து தூக்கத்திலும் அதையே பேசுகிறார். தராசு பழுது பார்க்கிற கம்பெனிக்கு ஏழாவது மாடி எதற்கு, காய்கறிக் கடைக்காரன் தோளில் தராசோடு லிஃப்டுக்கு வரிசையில் நிற்பானா என்று கேட்டேன். தெருவே நின்று கைதட்டியது.

எல்லாவற்றுக்கும் காரணம் கீழறைக் கூரையில் போன மாதம் விட்ட விரிசல். தராசைச் சோதிக்க நாம் வைத்திருக்கிற இருபது கிலோ இரும்புக் கற்கள் இருநூறும் அதற்கு நேர் மேலே மாடியில்தான் இருக்கின்றன. கீழே இருந்தால் துரு ஏறும், துரு ஏறினால் எடை மாறும் என்று அவற்றை மாடிக்கு ஏற்றியது என் மூளைதான், அதற்காக அரசாங்க ஆய்வாளரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரில் இருக்கிற தராசையெல்லாம் சரிபார்க்கிற நாம், நம் தலைக்கு மேல் எவ்வளவு ஏற்றினோம் என்று மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை. நாலாயிரம் கிலோ. இருந்துவிட்டுப் போகட்டும், பூசி மெழுகினால் தீர்கிற வேலை. எஞ்சினியரைக் கூட்டி வந்தேன், அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஐம்பது வருஷத்துக்கு அசையாது என்றார். அதற்கப்புறமும் உன் மாமா வேலையாட்கள் முன்னால் என்னைப் பார்த்து, "தலையில விழுந்தாத்தான் நம்புவீங்களா மச்சான்?" என்கிறார். எட்டாவதோடு நிறுத்தியவன் என்ற இளக்காரம். இவர் பட்டம் வாங்கி எந்தத் தராசு முள்ளை நேராக நிறுத்தினார்?

முள் என்றதும்தான் சொல்ல வேண்டும். முள் சரிசெய்கிற நம் முள்ளக்காவின் மேஜை அந்த விரிசலுக்கு நேர் கீழே. இடம் மாறினால் அவள் கதி என்ன, படுக்கையில் கிடக்கிற தாய்க்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறவள், இரண்டு பஸ் மாறி வருவாளா? இதையெல்லாம் யோசிக்காமல் கண்ணாடியாம் கண்ணாடி.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். உன் அப்பா விட்டுப்போன பாதிப் பங்கு உன் கையில், நீ எழுதுவதுதான் முடிவு. மூன்று வாரம் யோசித்துவிட்டு, எஞ்சினியர் சொன்னதை எழுத்தில் வாங்கி அனுப்பு என்கிறாய். சொந்தச் சித்தப்பன் வாய்ச்சொல்லுக்கு முத்திரை கேட்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு, புத்தி தெளியும்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை ஆபீசில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்து உன்னைத் திட்டினேன். முள்ளக்கா தராசுத் தட்டில் மேலிருந்து உதிர்ந்திருந்த சுண்ணாம்பை ஊதிவிட்டுக்கொண்டே எனக்காகப் பரிந்து பேசினாள். "காகிதம் எதுக்குண்ணே, நீங்க சொன்னாப் போதாதா? நீங்க சொல்லித்தானே நான் இந்த விரிசலுக்கு அடியில உக்காந்திருக்கேன்."

வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவள் மேஜையை நானே இழுத்துப் போட்டேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. கீழறையைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்திருக்கிறேன். கற்களை இறக்க நாளைக்கு ஆள் வருகிறது.

நீ நீண்ட ஆயுசோடு குறையில்லாமல் இரு அம்மா. போவதா, இங்கேயே இடித்துக் கட்டுவதா என்று சீக்கிரம் எழுது, ஆனால் என் பேச்சை வைத்து எழுதாதே. எஞ்சினியர் ஐம்பது வருஷம் என்று சொல்லவில்லை. கல்லை இறக்குகிறவரை கீழே ஒருத்தரையும் உட்கார வைக்காதீர்கள் என்றார். ஐம்பது நான் போட்டது.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்