ஒன்பதாவது தடவை அடித்தது காற்று அல்ல

அன்பு வாப்பா,

இன்று வியாழக்கிழமை, பகல் பதினொன்று இருபது. புத்தளம் ஆஸ்பத்திரி வளவில் உங்கள் வேனுக்குள் இருந்து எழுதுகிறேன். விடிந்ததிலிருந்து இதன் அலாரம் ஒன்பது தடவை அடித்தது. எட்டுத் தடவை கச்சான் காற்று. ஒன்பதாவது, பக்கத்து வீட்டுக் காதர் மாமா.

போன கிழமை யாரோ வேனின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் நேற்று அலாரம் பூட்டினேன். உணர்திறனை அளவுக்கு மேல் கூட்டிவைத்தேன், பிழை என்னுடையதுதான். நம்ம ஊர் மாம்புரிக் காற்றில் மணல் பட்டாலே கத்துகிறது. நீங்கள் மவுத்தான துக்கத்தில் உம்மா இன்னும் வீட்டுக்குள்ளேயே இத்தாவில் இருக்கிறா. "அந்தச் சாமானைக் கழட்டி எறி மகன், நெஞ்சு பதறுது" என்றா. ஏழாவது தடவைக்குப் பிறகு நான் எட்டிப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தபடியே ரிமோட்டை அமத்தினேன்.

ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் ஊரார் உங்கள் வேனில்தானே தட்டுவார்கள்? நீங்கள் சாவியோடு வருவீர்கள். இப்போது உம்மா இத்தாவில் இருப்பதால் ஆண்கள் வாசலுக்கே வருவதில்லை. மாமாவும் வேனில்தான் தட்டியிருக்கிறார். அது கத்தியது. நான் அமத்தினேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

பத்து நிமிடம் கழித்து அவருடைய மகள் பர்ஹா, எனக்குத் தங்கை மாதிரி, வேலிக்கு மேலால் கத்தினாள்.

"உம்மாக்கு மூச்சு இழுக்குது. த்ரீவீல்ல ஏத்திட்டுப் போறாங்க. நீங்க ஏன் காக்கா வரல்ல?"

"காத்தெண்டு நெனச்சன்."

"காத்து கையால தட்டுமா? நீங்க பார்த்துட்டுத்தான் அமத்தினதெண்டு வாப்பா சொல்றார்."

வேனில் ஒக்சிசன் இல்லைதான். ஆனால் மாமி வசதியாகச் சாய்ந்துகொண்டு வந்திருக்கலாம். வேனை எடுத்துக்கொண்டு பின்னால் விரட்டினேன்; நுரைச்சோலை தாண்டியும் த்ரீவீலை என்னால் பிடிக்க முடியவில்லை. வந்து சேர்ந்தபோது மாமியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள், வாப்பா? பத்துப் பேருக்கு ஒரு நொடியில் ஆறுதல் சொல்லுவீர்கள். எனக்கு வயர் மட்டும்தான் தெரியும்.

இனிச் செய்யப்போவது:

1. சென்சரைக் குறைப்பேன். காற்றுக்கு அடிக்கக்கூடாது, கைக்கு அடிக்கவேண்டும். இரண்டுக்கும் இடையில் ஓர் அளவு இருக்குமா, தெரியாது. இல்லையென்றால் கழற்றிவிடுவேன். பற்றரி போனால் போகட்டும்.

2. வேனில் யார் தட்டினாலும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

3. இந்தக் கடிதத்தை மடித்துவிட்டு, அந்த வாங்கில் போய் மாமாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். ஏசினால் ஏசட்டும். மாமியைப் பற்றிச் செய்தி வரும்வரை எழும்பமாட்டேன்.

உங்கள் இளைய மகன்,
ஸாஜித்