தண்ணீர் தெளித்த பருப்பு

மச்சான்,

இன்று காலை முகையூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் என் செக்குக் கொட்டகையில் எட்டு மூட்டை மல்லாட்டைப் பருப்பு கொண்டுவந்து இறக்கினார். சீட்டில் நிலக்கடலை என்று எழுதியிருந்தார். முதல் மூட்டையின் வாயைப் பிரித்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. ஈரக் கோணியும் கெட்டுப்போன எண்ணெயும் சேர்ந்த மக்கல் வாசனை. உனக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளே கையை விட்டால் பருப்பு வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீர் தெளித்து உடைத்து, சரியாகக் காயவைக்காமல் கட்டிய சரக்கு.

எனக்கு வேண்டாம், எடுத்துப் போங்கள் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் ஒரு கதை சொன்னார். விழுப்புரத்தில் முன்பு ஒரு மகா கருமி இருந்தானாம். உடைக்கும் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக நூறு மூட்டைக்கும் தண்ணீர் தெளித்தானாம். அத்தனையும் பூசணம் பூத்து, வாங்க இருந்த நிலமும் கைவிட்டுப் போய், சாகிற வரைக்கும் கோணி தைத்துக்கொண்டே கிடந்தானாம். கொட்டகை ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உன் கதை திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இருபத்திரண்டு மூட்டை வழியில் நூறாகிவிட்டது. கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது. அவருக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நாம் இருவரும் விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த மல்லாட்டை மண்டியில் ஒரே அறுவடைக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கோணி தைப்பாய். நான் தராசுப் பக்கம் நின்று மூட்டை தூக்கி வைப்பேன். கோணி ஊசியில் மிஞ்சுகிற விரல் நீளச் சணல் துண்டுகளை நீ குப்பையில் போட்டதே இல்லை. மடியில் சேர்த்துக்கொண்டு போய்க் கயிறாகத் திரித்து மாட்டுக்காரர்களுக்கு விற்பாய். கெடாரிலிருந்து திங்கட்கிழமை விடியலில் நடந்தே வருவாய், சனிக்கிழமை நடந்தே போவாய். காப்பி கிளப்புக்கு எதிரில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் உள்ளே போய் ஒரு டம்ளர் குடித்ததில்லை. மண்டி முழுக்க உன்னைக் கருமி என்றுதான் கூப்பிட்டது. நீயும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாய்.

நான் நேர் எதிர். கையில் நாலு காசு சேர்ந்தால் அறுவடைக்கு முன்னாலேயே யாராவது குடியானவருக்கு முன்பணம் கொடுத்து இரண்டு மூட்டை பேசிவிடுவேன். விலை ஏறினால் டென்ட் கொட்டகையில் சினிமாவுக்குப் பெஞ்சு டிக்கெட், புது வேட்டி, மண்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் காப்பி. விலை இறங்கினால் உன் தூக்கிலிருந்து கேப்பைக் கூழ். நீ ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. பாதியை ஊற்றிவிட்டு மீதியில் தண்ணீர் சேர்த்துக்கொள்வாய்.

இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து என்னத்தைக் காணப்போகிறாய் என்று உன்னை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். காசைத் தபாலாபீஸில் தூங்க வைக்கிறாய், நாலு இடம் போய்வந்தால்தானே அது பெருகும் என்பேன். பெரும்பாலும் சிரித்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் மட்டும் ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னாய்.

“ஒரு ஏக்கரா மச்சான். அது கைக்கு வந்துடுச்சின்னா, காலையில யாரையும் கேக்காம எந்திரிப்பேன்.”

உன் அப்பா ஆயுள் முழுக்க ஒரே பண்ணையில் படியாளாக இருந்தவர். காய்ச்சல் வந்தாலும் பண்ணையில் கேட்டுத்தான் படுக்க வேண்டும். அதை நீ விவரமாகச் சொன்னதில்லை. அந்த ஒரு வரியில் சொன்னது போதும். எனக்கும் அதே ஆசைதான். இன்னொருவன் தராசுக்கு மூட்டை தூக்காமல் இருக்க வேண்டும். நீ சேர்த்துச் சேர்த்துப் போய்ச் சேரலாம் என்று நினைத்தாய். நான் ஒரே தாவலில் போய்விடலாம் என்று நினைத்தேன்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின மார்கழியில் உன் ஏக்கர் வந்தது. கெடார் ஏரிக்கு மேற்கே செம்மண் மேடு, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர்ப் பங்கோடு. நிலத்துக்காரருக்கு மகள் கல்யாணம். பங்குனிக்குள் முழுப்பணமும் வேண்டும் என்றார். உன் தபாலாபீஸ் புத்தகத்தில் முக்கால் பங்கு இருந்தது. கால் பங்கு இல்லை. ஏழு வருஷம் சேர்த்த வேகத்தில் அந்தக் கால் பங்குக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

நான்தான் சொன்னேன். அறுவடை நேரம், மல்லாட்டை விலை தரையில் கிடக்கிறது. பணத்தை எடுத்துக் காய் வாங்கி, உடைத்துப் பருப்பாக வைத்தால் பங்குனியில் புதுச்சேரிக் கப்பல்காரர்களின் தரகர் வந்து அள்ளிக்கொண்டு போவார். நிலமும் வரும், கையிலும் மிஞ்சும் என்றேன். மூன்று நாள் நீ யோசித்தாய். நாலாம் நாள் பணத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாய். கூடவே இன்னொரு சின்ன முடிச்சு. உடைக்கிற பெண்களுக்குக் கூலி.

“மத்த எல்லாத்துலயும் நான் கைய இறுக்கிப் புடிப்பேன் மச்சான். இதுல புடிக்காத. தண்ணி தெளிக்காம, கையாலயே ஒடைக்கச் சொல்லு. கூலி எவ்ளோ ஆனாலும் ஆவட்டும்.”

நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வழி உனக்குத் தெரியும். காய் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுக் கழியால் அடித்தால் இரண்டு நாளில் வேலை முடியும், கூலி கால்வாசிதான். உடனே விற்கிற சரக்குக்கு அது போதும். மூன்று மாதம் வைக்கிற சரக்கைக் கையால்தான் உடைக்க வேண்டும். பதினைந்து பெண்கள் உட்கார்ந்தாலும் பத்து நாள் ஆகும். ஒரு டம்ளர் காப்பிக்குக் காசு எடுக்காத நீ அந்தக் கூலியை முழுசாக எடுத்துக் கொடுத்தாய்.

உன் பெண்சாதி அஞ்சலைக்கு அது பேறுகாலம். அவளைப் பார்த்துக்கொள்ள நீ கெடாருக்குப் போய்விட்டாய். போன மறுநாள், ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு குடியானவர் ஐந்து மூட்டைக் காயை அடிமாட்டு விலைக்குத் தருவதாக என்னிடம் வந்தார். உன் பணத்தில் ஏற்கெனவே பதினேழு வாங்கி முடித்திருந்தேன். என் கையில் எப்போதும்போல ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன முடிச்சு இருந்தது.

அதை அவிழ்த்து ஐந்து மூட்டையை வாங்கினேன். மிஞ்சிய காசுக்கு இருபத்திரண்டு மூட்டையையும் தண்ணீர் தெளித்து அடித்துவிடப் பெண்களிடம் சொன்னேன். வெயில் நன்றாகக் காய்ந்தது. இரண்டு நாள் காயவைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது, பங்குனியில் ஐந்து மூட்டை லாபத்தையும் சேர்த்து உன் கையில் கொடுத்தால் நீ ஆச்சரியப்படுவாய் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லவரவில்லை. அப்படித்தான் நினைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தை மாதம் பெய்யக் கூடாத மழை மூன்று நாள் பெய்தது. பங்குனியில் தரகர் வந்து மூட்டையைப் பிரித்தபோது மண்டி முழுக்க இந்த வாசனை. நீ பக்கத்தில் நின்றாய். பச்சையும் கறுப்புமாகப் பூசணம். தரகர் இரண்டு பருப்பை நசுக்கி முகர்ந்துவிட்டு, தண்ணீர் தெளித்த சரக்கு என்று கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார். தராசுக்காரர்தான் முதலில் சொன்னார், கருமி கூலியை மிச்சம் பிடித்திருக்கிறான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? நீ சேர்க்கிறவன், நான் செலவழிக்கிறவன், ஊருக்கே தெரியும்.

நீ ஒரு பருப்பை எடுத்து, மேல் தோலை விரலால் தள்ளிப் பார்த்தாய். தண்ணீர் பட்டு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாய். நான் தராசைப் பார்த்தேன்.

பாதி விலைக்கும் கீழே, விளக்கெரிக்கும் எண்ணெய்க்கு என்று ஒரு செக்குக்காரர் எடுத்துக்கொண்டார். மிஞ்சிய பணத்தைத் தூக்கிக்கொண்டு நாம் கெடாருக்கு நடந்தோம். ஊர் எல்லையில் நின்று சொன்னாய்.

“எல்லாரும் நான்தான்னு சொல்லிக்கினு திரியறாங்க. திரியட்டும். நீ மட்டும் சொல்லாத மச்சான்.”

வீட்டில் அஞ்சலை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அதற்குள் அவளுக்கும் செய்தி வந்திருந்தது. பொம்பளைகள் கூலியில் கணக்குப் பார்த்து நிலத்தை விட்டுவிட்டாயே என்று அழுதாள். இது எங்கே போய் முடியும் என்று எனக்கு முன்பே தெரியும் என்றாள். நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. நீ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “ஆமா, புத்தி கெட்டுப்போச்சு” என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். அதற்காகவா? என் கையில் கொடுத்ததே உன் தப்பு என்று நினைத்தாயா? கேட்டிருக்கலாம். நீ கேட்டுக்கொண்டபடி நான் யாரிடமும் அது நீதான் என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அதிலேயே நாள் போய்விட்டது.

மறுநாளே நீ கோணி தைக்க வந்தாய். சணல் துண்டுகளை மறுபடியும் மடியில் சேர்த்தாய். சண்டை வந்து எல்லாம் விலை ஏறியது. உன் ஏக்கரை வேறொருவர் வாங்கி, இரண்டே வருஷத்தில் மூன்று பங்கு விலை சொன்னார். நான் திண்டிவனத்துக்கு வந்து மறுபடியும் தாவினேன். கப்பல் நின்று மல்லாட்டையைச் சீந்துவாரில்லாத நேரத்தில் கடனுக்குக் காய் வாங்கிப்போட்டேன். அப்புறம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரெல்லாம் விளக்குக்கு என் எண்ணெயைத் தேடி வந்தது. அவ்வளவுதான் என் சாமர்த்தியம். அந்தத் தடவை தை மழை பெய்யவில்லை.

நீ வாந்திபேதியில் போன செய்தியைக் கெடார் வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னபோது எண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்தேன். காசை வாங்கிப் போட்டேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. கருமாதிக்கு வந்து அஞ்சலை கையில் பணம் கொடுத்தேன். கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அந்த மனுசனுக்கும் உன்ன மாதிரி மனசு இருந்திருந்தா நெலம் கையில இருந்திருக்கும்ண்ணே.”

அதற்கப்புறம் நான் கெடார் பக்கம் போகவில்லை. ஐந்து வருஷம் ஆகிறது. பணம் மட்டும் அனுப்புகிறேன். உன் ஏக்கரிலேயே அவள் களை வெட்டக் கூலிக்குப் போகிறாள் என்று கேள்வி. என் கொட்டகையில் மட்டும் யாரும் தண்ணீர்க் குடத்தோடு பருப்புப் பக்கம் வரக் கூடாது. உடைக்கிற பெண்களுக்குக் கேட்ட கூலி கொடுக்கிறேன். அதனால் என்னை இங்கே தாராளக் கை என்கிறார்கள். உன் சின்ன முடிச்சின் கடன் இன்னும் என்னிடமே இருப்பது இவர்களுக்குத் தெரியாது.

காலையில் சொன்ன பதிலை எழுதிவிடுகிறேன். ஆட்கள் சிரித்து முடித்ததும், “அந்தத் தண்ணியத் தெளிச்சது நான்தாங்க” என்றேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. வியாபாரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஆட்களைவிடப் பலமாகச் சிரித்தார்.

“நீங்களா? வந்தவன் போனவனுக்கெல்லாம் காப்பி வாங்கிக் குடுக்கிற கை உங்க கை. சும்மா இருங்க மொதலாளி.”

ஆட்களும் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது. வாசனை மட்டும் மத்தியானம் வரைக்கும் கொட்டகையில் இருந்தது. நாளை விடியலில் பாசஞ்சர் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, அங்கிருந்து கெடாருக்கு நடந்து போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை இப்படி நினைத்து ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

வியாபாரி நம்பாததில் எனக்கு ஒன்றும் இல்லை மச்சான். அஞ்சலையிடம் சொன்னால் அவள் நம்பிவிடுவாள்.