குமிழி நின்ற மதியம்

அங்கே கட்டிலில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரிக்கு, இங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

காய்ச்சல் விட்டதாக உன் தம்பி சொன்னான். தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா? நீ கொடுத்தனுப்பிய பால் வந்து சேர்ந்தது. தினமும் பால் வருகிறது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை வருவதில்லை. எனக்குக் கோபமில்லை. முதல் பிள்ளைக்கு ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு, மூன்றாம் நாளே அந்தப் பெயரைச் சொல்லி அழுதவர்கள் நாம்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பத்து வாரம் முந்திப் பிறந்ததால் நுரையீரல் தானாக விரியவில்லை. மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கிறது. முதல் நாள் அதில் குமிழி வருவதைப் பார்த்ததும், பஞ்சர் கடைக்காரன் புத்தி எங்கே போகும்? "சிஸ்டர், லீக் ஆகுது!" என்று கத்திக் குழாயை மடக்கப் போய்விட்டேன். நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார். "குமிழி வந்தாத்தான் காத்து சரியாப் போகுதுன்னு அர்த்தம். நின்னா என்னைக் கூப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து இங்கே எல்லோருக்கும் அவள் குமிழி.

பதினெட்டு நாளாக அந்தக் குபுகுபு சத்தத்திலேயே கிடக்கிறேன். இன்று மதியம் பெட்டிக்குள் கை விட்டிருந்தேன். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். அப்படியே கண் அசந்துவிட்டேன். கனவில், டியூபை முக்கி ஓட்டை பார்க்கும் நம் கடைத் தொட்டி குளமாகப் பெருகியிருந்தது. நீ கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாய். அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உன் பாதத்தில் பட்டு உடைந்தன. நீ கூச்சத்தில் சிரித்தாய். பிறகு தண்ணீர் அசையாமல் நின்றது.

விழித்தேன். பாட்டிலிலும் குமிழி இல்லை. "சிஸ்டர், நின்னுபோச்சு!" என்று அலறினேன். நர்ஸம்மா சிரித்தார். குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பாவம், தூங்கட்டும் என்று என்னை எழுப்பவில்லையாம். "அரை மணி நேரமா அவளேதான் மூச்சு விடுறா" என்றார். அவள் மூக்கை அப்போதுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். உன் மூக்கேதான்.

சாயங்காலம் களைத்துப்போனாள், குழாயை மறுபடி வைத்துவிட்டார்கள். நாளை இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்ப்பார்களாம். எனக்கும் பயம்தான். ஆனால் குமிழி வராத டியூபைத்தானே நாம் நம்பி வண்டியில் மாட்டுகிறோம்?

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியில் ஒட்டிய சீட்டில் உன் பெயரைப் போட்டு, 'குழந்தை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நாளைக்குப் பாலோடு அவளுக்கு ஒரு பெயரும் கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
குமிழியின் அப்பா