நாலாவது கசெற்

1987 ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கால் நீட்டலாம் என்று பார்த்தால் வாசலில் ஒன்பது சோடிச் செருப்பு. கப்பலில் வேலை செய்யும் தம்பி கனிசியஸ் கிறிஸ்மசுக்கு ஒரு வீடியோ டெக்கும் பெட்டி நிறையப் படக் கசெற்றும் அனுப்பினாலும் அனுப்பினான், குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு என் வீட்டு விறாந்தைதான் இப்போது தியேட்டர். கரண்ட் வந்தால் போதும், என்னைக் கேட்காமலே பாய் விரித்துவிடுகிறார்கள்.

எல்லாம் ஹொங்கொங் சண்டைப் படமும் ஜப்பான் கார்ட்டூனும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நான் இங்கிலீஷ் படிப்பிக்கிற ரீச்சர். இவர்கள் கணக்கில் கடலுக்கு அப்பால் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். "ரீச்சர், உவன் என்ன சொல்லுறான்?" என்று யாகோப்பு அண்ணை கேட்கிறார். பகல் முழுக்கக் கிழிந்த வலை பொத்துகிறவர், சண்டைப் படம் என்றால் சாப்பாடும் வேண்டாம். தெரியாது என்று மூன்று தரம் சொன்னேன். அதற்குப் பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

திருத்தாத கொப்பிகள் நாற்பது மேசையில் கிடக்கின்றன.

ஜனவரி 25

சண்டைப் படங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். குரு முதல் அரை மணிக்குள் செத்துப்போவார். சீடன் மலையில் தண்ணீர் சுமந்து பழகுவான். கடைசியில் முற்றத்தில் இரண்டு பேர் மட்டும். இங்கிலீஷ் குரல் கொடுத்த படம் ஒன்றும் இருக்கிறது, வாய் மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். ஆனாலும் காலை நிலத்தில் ஊன்றி அவர்கள் நிற்கிற நிலையைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. நான் வகுப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பெப்ரவரி 8

கார்ட்டூன் தொடங்கியாயிற்று. ஐந்து கசெற். மட்டையில் ஜப்பான் எழுத்து. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு: அது மடையனுக்கும் விளங்கும். மற்ற இரண்டும்தான் விளங்கவில்லை. ஒன்றில் பெட்டி மாதிரி ஒரு கீறல். பெட்டியை மூடினால் கதை முடிந்தது என்று அதைக் கடைசியில் வைத்தேன். கனிசியசிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வர எத்தனை வாரமோ.

கரையோரத்தில் ஒரு வீடு. மீன் பிடிக்கிற அண்ணன், ஒரு தங்கச்சி. அந்தக் கடலைப் படமாகக் கீறியவன் கட்டாயம் கரையில் பிறந்தவன். இன்று பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா மாமியும் வந்தார். மகன் கிறிஸ்துநாயகம் போன ஆகஸ்டில் கடலுக்குப் போனவன், வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அதன் பிறகு மாமி ஒரு வீட்டுப் படியும் ஏறியதில்லை.

பெப்ரவரி 22

நாலாவதாகப் போட்டதில் புயல். அண்ணன் கடலில் விழுகிறான். தங்கச்சி, நீள முடியோடு, கரையில் இருந்து ஒரு விளக்கைத் தண்ணீரில் விடுகிறாள். மாமி எழும்பிப் போகவில்லை. போயிருந்தால் நல்லது.

மார்ச் 1

கடைசிக் கசெற். புதன்கிழமை விபூதித் திருநாள். தவக்காலம் தொடங்கினால் நாற்பது நாளும் படம் இல்லை, அதனால் படலை வரை சனம்.

படம் தொடங்க, அண்ணன் கூடையோடு கரையில் இறங்கி வருகிறான். தங்கச்சி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். அவள் முடி கட்டையாக இருக்கிறது. எனக்கே திகைப்பு. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். சொன்னேன்: "அவன் சாகேல்லை. ஒரு தீவிலை ஒதுங்கி ஏழு மாதம் கிடந்திருக்கிறான். அண்ணை வரவேணுமெண்டு தங்கச்சி தன்ரை முடியை நேத்திக்கடனாக் குடுத்திட்டாள்."

ஏழு மாதம் என்று ஏன் சொன்னேன்? மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

போகும்போது மாமி என் கன்னத்தைத் தடவினார்.

மார்ச் 4

விபூதி. தவக்காலத்தில் கோயில் சுரூபத்தை மூடுவது போல டெக்கை ஊதாத் துணியால் மூடினேன். இனி நாற்பது நாள் நித்திரை கொள்ளலாம்.

மார்ச் 15

நித்திரை எங்கே. ஆமி அடிக்கிற ஷெல் கடற்கரைப் பக்கம் விழத் தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் பாதி வீடு பூட்டு. மாமியின் மகள் சின்னத்தங்கம் தாயைக் கூட்டிப்போகச் சாவகச்சேரியிலிருந்து மூன்றாம் தரம் வந்துவிட்டு, இன்றும் தனியே போகிறாள். என்னிடம் வந்தாள்.

"அண்ணை வரேக்கை வீடு பூட்டிக் கிடந்தால் எங்கை போவான் எண்டு அம்மா கேக்கிறா. உங்கடை படத்திலை வந்தவனாம். தானும் முடிக்கு நேத்தி வைச்சிருக்கிறாவாம். நீங்கள் சொன்னால் கேப்பா, ரீச்சர்."

போய்ச் சொன்னேன், அது வெறும் படம்தானே என்று. "படமெண்டாலும் ஆரோ கண்டதைத்தானே கீறினவங்கள்," என்றார் மாமி.

மார்ச் 21

கனிசியஸின் கடிதம். பெட்டி மாதிரி இருப்பது நாலு.

நாலு.

துணியை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, தனியே போட்டுப் பார்த்தேன். அவள் முடி கட்டையாக இருப்பது இன்னும் சின்னப்பிள்ளை என்பதால். மூன்றாவதிலும் அதே கட்டை முடிதான். அண்ணன் வருவது ஒரு சாதாரண நாள், மீனோடு வருகிறான், அவ்வளவுதான். நான் நாலாவதாகப் போட்ட புயல்தான் முடிவு. நாற்பது பிள்ளைகளின் பிழைக்குச் சிவப்புக் கோடு போடுகிறவள் நான்.

மார்ச் 26

மாமி வீட்டுக் கிணற்றடியில் ஷெல். கிணற்றுக் கட்டு இல்லை. மாமி அடுப்படியில் நின்றதால் தப்பினார். இன்னும் போகமாட்டாராம்.

சொல்லவேணும். சொன்னால் அவனை இரண்டாந்தரம் நான் சாகக் குடுக்கிறன். சொல்லாட்டி — ஐயோ, என்னாலை ஏலாது. எனக்குக் களைச்சுப் போச்சு.

மார்ச் 28

சொன்னேன். மாமி முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். கசெற் மாறிப்போனதைச் சொன்னேன். அந்தப் பாஷை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"அப்ப அந்த முடி?"

"அது அவள் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை, மாமி."

"ஏழு மாதம்?"

"அது நான் சொன்னது."

மிச்சக் கருவாட்டையும் பிரட்டி முடித்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் முற்றத்திலேயே நின்றேன். காகம் கலைக்க ஒருவரும் இல்லை, அதனால் கொஞ்ச நேரம் காகம் கலைத்தேன்.

ஏப்ரல் 1

மாமி வந்தார். பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற துண்டு கையில்.

"மகள் எழுதித் தாறன் எண்டவள். வேண்டாமெண்டிட்டன். இருக்கிறான் எண்டு சொன்னதும் நீதானே. நீயே எழுது."

'மரித்த கிறிஸ்துநாயகம்' என்று எழுதினேன். முதல் சொல்லுக்குக் கை வரவில்லை. மாமி பார்த்துக்கொண்டு நின்றார், எழுதி முடிக்கும் வரை.

ஏப்ரல் 4, சனி

காலைப் பூசையில் சுவாமியார் அவன் பெயரை வாசித்தார். மாமி அழவில்லை. நான்தான் அழுதேன்.

பத்து மணிக்குச் சின்னத்தங்கம் தாயைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். இரண்டு பை, ஒரு கருவாட்டுக் கூடை. என்னோடு கதைக்காமல்தான் போவார் என்று நினைத்துக்கொண்டு படலையில் நின்றேன். அப்படியே போனார். ஒழுங்கை முடிகிற இடத்தில் பையை மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டைப் பூட்டிய திறப்பை என் கையில் வைத்தார்.

"அவன் வந்தால் குடு, பிள்ளை."

ஓம் என்றேன்.