தோடம்பழ நிற ஜக்கற்

மல்வேர்ன், ரொறன்ரோ
27-05-1997

அன்புள்ள பூமலர் அக்காவுக்கு,

தங்கச்சி ஜெயமலர் எழுதுவது. நீங்களும் அத்தானும் மகன் ஜெனோசனும் இன்னும் மல்லாவியில் அதே கொட்டிலில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அங்கே மறுபடியும் பெரிய சண்டை தொடங்கிவிட்டது என்று இங்கே தமிழ் ரேடியோவில் சொல்கிறார்கள். கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பி, வன்னிக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இது கைக்கு வரும்போது நீங்கள் எந்த மரத்தடியில் இருப்பீர்களோ தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியாதா. சின்னவள் அட்சயா ஆசுபத்திரியில் இருக்கிறாள். உயிர் இருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மூத்தவள் துர்க்காவுக்கு ஒன்றுமில்லை.

அட்சயா என் வயிற்றில் இருக்கும்போது கனடாவுக்கு வெளிக்கிட்டவர் இவர். தை மாதம் நாங்கள் வந்து விமான நிலையத்தில் இறங்கியபோது, அவள் என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த அங்கிள் யார் என்று கேட்டாள். இவருக்கு முகம் செத்துப்போனது. பிறகும் அவள் கிட்டப் போகவில்லை. இவருக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பகலெல்லாம் நித்திரை. எழும்பி வந்து ஆசையாகக் கூப்பிட்டால் அவள் மேசைக்குக் கீழே போய்விடுவாள்.

அதற்காகத்தான் இவர் இந்தச் சுற்றுலாவே வைத்தார். விக்ரோறியா டே லீவு வருகிறது, வசந்தகாலமும் வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு நீர்வீழ்ச்சி காட்டப்போகிறேன் என்று ஒரு மாதமாக இதே கதை. அட்சயாவுக்குக் குளிருக்குப் போட ஒரு தோடம்பழ நிற ஜக்கற் வாங்கி வந்தார். கண்ணைக் குத்துகிற ஒறேஞ் நிறம். கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கிறதே என்று நான் பகிடி பண்ணினேன். காட்டுக்குள்ளை நிண்டாலும் தூரத்திலை இருந்தே தெரியும், அதுக்காகத்தான் வாங்கினனான் என்றார். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. படுக்கும்போதும் கழற்றவில்லை.

பொன்னம்பலம் அண்ணை என்று இவரோடு வேலை செய்கிறவர் போய்வரத் தன்னுடைய வானைத் தந்தார். விடியவே எழும்பி இடியப்பமும் சம்பலும் கட்டினேன். வடக்கே அரை நாள் ஓட்டம், அரசாங்கத்தின் தேசியப் பூங்கா. பாதி வழியில், பின்சீட்டில் இருந்துகொண்டு, அப்பா இன்னும் எவ்வளவு தூரம் என்று அட்சயா கேட்டாள். அப்பா என்று கேட்டாள், அக்கா. இவர் ஓட்டிக்கொண்டே போனார். கண்ணாடியில் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் வசந்தம் என்று சொல்வது எங்கள் மார்கழியைவிடக் குளிர். மரங்களில் இலை வரவில்லை. நிழலான இடங்களில் பனி கிடந்தது. அந்தப் பனி உருகித்தான் நீர்வீழ்ச்சியெல்லாம் இரைந்துகொண்டு விழுகிறது. நடைபாதையோடு ஒன்றன்பின் ஒன்றாக நீர்வீழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

கடைசி நீர்வீழ்ச்சிக்கு வந்தபோதுதான் சாப்பாட்டுப் பெட்டி வானிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. நீங்கள் இதிலையே இருங்கோ, நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன் என்று போனார். நடந்த சூட்டில் அட்சயா ஜக்கற்றைக் கழற்றிக் கல்லில் வைத்திருந்தாள். தண்ணீரைத் தொடப் போனவள் பாசியில் வழுக்கிக் கழுத்தளவு தண்ணீரில் விழுந்துவிட்டாள். நானும் துர்க்காவும் இழுத்து எடுத்தோம். காலில் கிடந்த ஒரு சப்பாத்து ஆற்றோடு போய்விட்டது. நனைந்த உடுப்புக்கு மேலே ஜக்கற்றைப் போட்டு, தூக்கிக்கொண்டு வானைத் தேடி நடந்தேன். அவசரத்தில் பாதையை விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். கூப்பிட்டுப் பார்த்தோம். தண்ணீர் இரைச்சலில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

இவர் திரும்பி வந்து பார்த்திருக்கிறார். எங்களைக் காணவில்லை. ஆற்றில் சப்பாத்து ஒன்று மட்டும் கல்லில் தட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பூங்காக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரங்களுக்கு மேலே தாழப் பதிவாக ஒரு ஹெலி, அங்கே சுடுவதற்கு வருகிற மாதிரியே.

நான் யோசிக்கவே இல்லை, அக்கா. துர்க்காவும் யோசிக்கவில்லை, எனக்கு முதலே பாறைக்குக் கீழே போய்விட்டாள். அட்சயாவை இழுத்து உள்ளே போட்டேன். அந்த நிறம் மேலே இருந்து பார்த்தால் தெரியும் என்று ஜக்கற்றைக் கழற்றிச் சருகுக்குள் புதைத்தேன். பிள்ளைகளுக்கு மேலே சருகை அள்ளிக் கொட்டினேன். அது ஒரு சுற்றுச் சுற்றிப் போய்த் திரும்பவும் வந்தது. இந்த முறை ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாய்க்கு வராத மாதிரிக் கொன்னிக் கொன்னி, ஜெயமலர், ஜெயமலர் என்று. கனடாவில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. பெயர் தெரிந்து வந்திருக்கிறார்கள், இனித் தப்ப முடியாது என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் பெயர் கூப்பிட்டுக் கொண்டுபோனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்?

அட்சயா அழப் பார்த்தாள். வாயைப் பொத்தினேன். நல்ல பிள்ளை, அங்கே பங்கருக்குள் நீங்கள் பழக்கியபடியே முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தாள். முதலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு நடுக்கம் நின்றது. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தேன். குளிர் முற்றினால் நடுக்கம் நின்றுவிடுமாம். இங்கே டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொழுது படுகிற நேரம் ஒரு நாய் வந்து சருகைக் கிளறியது. பின்னால் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் இவர். அட்சயாவை அதே ஹெலியில்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. இவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

வழியில் அவளுடைய இதயம் நின்று, திரும்ப ஓட வைத்திருக்கிறார்கள். மூளைக்கு என்ன நடந்தது என்று எழும்பினால்தான் தெரியுமாம், எழும்புவாளா என்றும் சொல்ல முடியாதாம். வாய்க்குள் குழாய். மூச்சை ஒரு மெசின் விடுகிறது.

இவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். ஏன் கை காட்டேல்லை என்று ஒரே ஒருமுறை கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரும் ஒரு காலத்தில் என்னோடு பங்கருக்குள் கிடந்தவர்தானே. ஏழு வருசத்தில் அதெல்லாம் போய்விட்டது போல.

பிள்ளைகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். மொழிபெயர்க்கக் கிறிஸ்ரினா என்று இளவாலை ஊர்ப் பிள்ளை ஒன்று. குளிரில் விறைத்த பிள்ளையின் உடுப்பைத் தாய் ஏன் கழற்றினாள், தேடி வந்தவர்களிடம் இருந்து ஏன் ஒளித்தாள் என்று கேள்வி. சொன்னேன். கிறிஸ்ரினா நான் சொன்னதைவிட நீளமாக இங்கிலீசில் சொன்னாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திரும்ப வருவார்களாம். பிள்ளைகளை என்னோடு விடுவதா என்று இன்னும் முடிவில்லை.

இந்த ஆசுபத்திரியின் கூரையிலும் ஹெலி வந்து இறங்கும், தூரத்து நோயாளிகளைக் கொண்டுவர. ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு தூக்கிப்போடும். நேற்று மத்தியானம் ஒன்று வந்தது. அப்போது போர்வைக்குள் அட்சயாவின் முழங்கால் அசைந்தது. மெல்ல மெல்ல மடிந்து மேலே வந்தது. தாதி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். நல்ல அறிகுறி, நல்ல அறிகுறி என்று எல்லோருக்கும் சந்தோசம். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை என்ன செய்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் அவளுடைய காதுக்குள் குனிந்து, அது போய்விட்டது, வெளியில் வா குஞ்சு என்று சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சருகுக்குள் கிடந்த அந்த ஜக்கற்றை இவர் தோய்த்துக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டிருக்கிறார். கண் திறந்ததும் தெரிய வேண்டுமாம்.

அக்கா, காட்டில் தொலைந்தால் வெளியில் வந்து நில், நிறமாக உடுத்து, ஹெலியைக் கண்டால் இரண்டு கையையும் ஆட்டு என்று இங்கே எனக்குச் சொல்லித் தருகிறார்கள். படிக்கிறேன், இங்கே இருக்கிறவள் படிக்கத்தான் வேண்டும். நீங்கள் இதை வாசித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். நீங்கள் பிள்ளைகளைப் பழக்கியதில் ஒரு பிழையும் இல்லை. ஜெனோசனுக்கு வெள்ளைச் சட்டை போடாதீர்கள். கொடியில் நிறமான துணி காயப்போடாதீர்கள். சத்தம் கேட்டால் எங்கள் நினைப்பு வந்து ஒரு கணமும் நிற்க வேண்டாம், ஓடுங்கள். அவன் அழுதால் வாயைப் பொத்துங்கள்.

வற்றாப்பளை அம்மாளாச்சி உங்கள் மூவரையும் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
ஜெயமலர்