தூக்குவாளியும் சுருதிப் பெட்டியும்

12 ஜூன் 2006, திங்கள்

இன்று மதியம் அப்பாவின் பட்டாசு ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என் காலேஜ் பையிலேயே தூக்குவாளியை வைத்ததுதான் தப்பு. அடியில் பாட்டு வகுப்புக்கான பேட்டரி சுருதிப் பெட்டி கிடந்தது மறந்தே போனது. பேட்டரி போட்ட எதையும் அங்கே உள்ளே கொண்டுபோகக் கூடாது. தூக்குவாளி சுவிட்சில் இடித்து, பெட்டி ‘ம்ம்ம்’ என்று இழுக்க ஆரம்பித்தது. மருந்துதான் சீறுகிறது என்று நினைத்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். அப்பா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு ஓடினார்.

போர்மேன் திட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: “யூனிவர்சிட்டில பாட்டு படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறா?”

“கவர்மெண்டு ஸ்கூல்ல பாட்டு டீச்சர் ஆயிருவா சார்” என்றார் அப்பா. அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

சேரும்போது நான்தான் அவரிடம் அப்படிச் சொன்னேன். போன வருஷம் படிப்பை முடித்த சீனியர் அக்காக்களில் ஒருத்திக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. ஒருத்தி கல்யாண வீடுகளில் கோரஸ் பாடுகிறாள். இன்னொருத்தி காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்குகிறாள். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நாளைக் காலை முதலாளி அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். வேலை இருக்குமா, தெரியவில்லை.

“பயப்படாத தாயி. நாளைக்கி டீச்சராகப்போற புள்ளைனு சொன்னா முதலாளி விட்டுருவாரு” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

அந்த டீச்சர் வேலை விஷயத்தை அவர் கிளம்புமுன் சொல்லவா, வந்த பிறகா?